வசனம் ஆறுதல் தரவில்லை என்றால் விசுவாசம் செத்துவிட்டதா?

வாசகரின் கடிதம் (சுருக்கி):

நான் அம்பாறை மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். வயது 43. மேசன் வேலை செய்த என் கணவர் இந்த வருடம் மாசி மாதத்தில் வேலை செய்யும் இடத்தில் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே காலமானார். ஏழு மாதமாகிறது. மகள் உயர்தரம் படிக்கிறாள். மகனுக்குப் பதினொரு வயது. கூரை போடுவதற்காக எடுத்த குழுக்கடனுக்குப் புதன்கிழமை தோறும் படலைக்கு ஆள் வருகிறது. வருடப் பிறப்பு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் (அந்த வருடத்துக்கென்று தரும் வேத வசன அட்டை), கர்த்தரின் நினைவுகள் தீமைக்கல்ல என்ற எரேமியா 29:11 இருந்தது. அடுத்த மாதமே இப்படி நடந்தது. சபையார் அன்பாகத்தான் வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவரும் ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வேதத்தைத் திறந்தால் ஒரே வரியைப் பத்துத் தடவை வாசிக்கிறேன், ஒன்றும் ஏறுவதில்லை. விசுவாசி அழுதுகொண்டே இருந்தால் சாட்சி கெட்டுவிடும் என்று ஒருவர் சொன்னார். கிளினிக்கில் தந்த குளிசையை ஒளித்துத்தான் குடிக்கிறேன். சில காலைகளில் எழும்பாமலே போயிருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. என் விசுவாசம் செத்துவிட்டதா? வேதத்தைப் பிடித்துக்கொண்டு கஷ்டத்தைத் தாங்குவது என்றால் என்ன? அந்த அட்டையை வைத்திருப்பதா, எறிவதா? மகளுக்கு முன்னால் அழலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் போகுமுன், கேள்வியாகக் கேட்காமல் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்த ஒன்றில் நான் நிற்க வேண்டியிருக்கிறது. சில காலைகளில் எழும்பாமலே போயிருந்தால் நல்லது என்று தோன்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். துணையை இழந்தவர்கள் பலர் என் முன்னால் இருந்து இதே சொற்களைச் சொல்லியிருக்கிறார்கள். அதை எழுதியதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணம் ‘எழும்பாமல் போனால்’ என்பதிலிருந்து ‘நானே ஏதாவது செய்துகொண்டால்’ என்பதை நோக்கி ஓர் அடி நகர்ந்தாலும், அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இரவு நேரமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். அதோடு பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரைத் தட்டி எழுப்புங்கள், அவருடைய நித்திரை கெடுமே என்று யோசிக்க வேண்டாம்.

குளிசையைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகள் தலைவலிக் குளிசையைப் போல அன்றைக்கே வேலை செய்வதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். இடையில் யாருடைய சொல்லையும் கேட்டு நீங்களாக நிறுத்தினால், முன்பிருந்ததை விடக் கஷ்டப்பட நேரலாம். நிறுத்துவதும் குறைப்பதும் வைத்தியரோடு பேசிச் செய்ய வேண்டிய காரியங்கள். ஒளித்துக் குடிப்பதால் என்ன நடக்கிறதென்றால், வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கும் நாளில் குளிசை தவறிப்போகிறது. ஆகவே வீட்டில் மகளுக்காவது சொல்லிவிடுங்கள்.

மருந்தும் சாப்பாடும் விசுவாசத்துக்கு எதிரானவை என்று சொல்பவர்களுக்கு, 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டலாம். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட எலியா, அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். உங்கள் காலை எண்ணம் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் ஒரு தீர்க்கதரிசியின் வாயில் இருக்கிறது. அதற்குக் கிடைத்த பதிலைக் கவனியுங்கள். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, நேற்று அக்கினியைக் கண்ட உனக்கு இன்று என்ன வந்தது என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பினான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டார், திரும்பவும் படுத்து நித்திரையானார். தூதன் இரண்டாம் தரமும் வந்து, “எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்றான். கர்த்தர் அவரோடு பேசியதும், அவரிடம் கேள்வி கேட்டதும், நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையிலே நடந்தவை. நித்திரை, சாப்பாடு, தண்ணீர், மறுபடியும் நித்திரை, அதன் பிறகுதான் பேச்சு என்ற இந்த ஒழுங்கை நாங்கள் உளவளத்துணை (கவுன்சலிங்) பயிற்சியில் படிப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்னரே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் போதகர் அல்ல. மட்டக்களப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன்; மாலையில் குடும்பமாக உட்கார்ந்து வேதம் வாசிக்கிற வீட்டில் வளர்ந்தேன். ஆகவே உங்கள் கேள்விக்கு இரண்டு பக்கமும் கால் வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும்.

ஒரே வரியைப் பத்துத் தடவை வாசித்தும் ஏறவில்லை என்பது, ஏழு மாதத் துக்கத்திலும் நித்திரைக் குறைவிலும் இருக்கிற எவருக்கும் நடக்கக்கூடியது. கடுமையான துக்கத்தில் மூளை கவனத்தைப் பிடித்து வைத்திருக்கச் சிரமப்படும். மகனின் பாடசாலையிலிருந்து வரும் கடிதத்தையும் கடன் புத்தகத்தையும் கூட நீங்கள் இப்போது இரண்டு மூன்று முறை வாசிக்க வேண்டியிருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். அப்படியிருந்தால், வேதம் ஏறாததற்கும் உங்கள் விசுவாசத்துக்கும் தொடர்பில்லை. கை முறிந்தவரால் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாதிருப்பதைப் போன்றது அது. அவருக்குத் தாகம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் இதைவிட ஆழமான ஒன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்களுக்குக் கிடைத்த வசனங்கள் எல்லாம் துண்டு துண்டாகக் கிடைத்தவை. அட்டையில் ஒன்று, வந்தவர் வாயில் ஒன்று, கைத்தொலைபேசிக்கு வந்த படத்தில் ஒன்று. எந்தத் துன்பத்துக்கு நடுவில் அந்தச் சொல் பிறந்தது என்பது தெரியாமல், அதன் கடைசிப் பலன் மட்டும் உங்கள் கையில் தரப்பட்டிருக்கிறது. அந்தப் பலன் உங்கள் வீட்டில் காணப்படாதபோது, பொய்யானது வசனமா, நானா என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

உங்கள் அட்டையையே எடுத்துக்கொள்வோம். “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” இது எரேமியா எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு அனுப்பிய ஒரு கடிதத்தில் வருகிறது. அதைப் பெற்றவர்கள் ஊர் இழந்து, ஆலயம் தூரமாகி, கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்ற ஒருவர் அவர்களுக்காகத் தீர்க்கதரிசனம் சொன்னதும், அது பொய் என்று எரேமியா எதிர்த்து நின்றதும் முந்தின அதிகாரத்தில் இருக்கின்றன. உங்கள் வசனத்துக்கு ஒரு வசனம் முன்னால், பத்தாம் வசனத்தில், எழுபது வருடம் என்று எழுதியிருக்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள், தாங்கள் உயிரோடு ஊர் திரும்பப் போவதில்லை என்று விளங்கிக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம்தான் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள் என்று எரேமியா சொல்கிறார். இந்த வருடம் உங்களுக்கு ஒன்றும் நடக்காது என்று அந்த வசனம் ஒருபோதும் சொல்லவில்லை. நடக்கக் கூடாதது நடந்து முடிந்தவர்களுக்கு எழுதப்பட்ட வசனம் அது. மாசி மாதத்துக்கு முன்னர் அந்த அட்டை உங்களுக்குச் சொந்தமானதை விட, இப்போதுதான் அது அதிகம் சொந்தம். எறிய வேண்டாம். வேதாகமத்தில் அந்த அதிகாரம் இருக்கும் பக்கத்திலேயே செருகி வையுங்கள். வாசிக்கும்போது முதலாம் வசனத்திலிருந்து வாசியுங்கள்.

பிலிப்பியர் 4:13ஐயும் உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்: “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.” பவுல் இதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார். அவர் ‘எல்லாம்’ என்று சொல்வதில் பட்டினியும் குறைவும் அடங்கும் என்பது முந்தின வசனத்தில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது பதின்னான்காம் வசனம். அதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. ஆனாலும், என் உபத்திரவத்தில் நீங்கள் என்னோடு பங்கெடுத்தது நல்லது என்று பவுல் எழுதுகிறார்; அவர் சொல்வது பிலிப்பிச் சபையார் ஆள் மூலம் அனுப்பிய உதவியை. கிறிஸ்துவினால் பெலன் உண்டு என்று எழுதிய அதே மூச்சில், நீங்கள் அனுப்பியது எனக்குத் தேவையாக இருந்தது என்றும் எழுதுகிறவர் அவர்.

தாங்க முடியாததைத் தேவன் தர மாட்டார் என்ற சொல்லையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது 1 கொரிந்தியர் 10:13இன் பாதி நினைவு. விக்கிரக ஆராதனைக்கு இழுக்கும் சோதனையைப் பற்றிப் பேசும் இடம் அது. அதே பவுல் அதே கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில், ஆசியாவில் நேர்ந்த வருத்தம் “எங்கள் பலத்திற்கு மிஞ்சின” பாரமாக இருந்தது என்றும், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்றும் எழுதுகிறார். தாங்க முடியவில்லை என்று நீங்கள் சொன்னால், அப்போஸ்தலன் சொன்னதைத்தான் சொல்கிறீர்கள்.

91ஆம் சங்கீதத்தைப் பற்றி எழுதாமல் கடக்க எனக்கு மனமில்லை. நம்முடைய வீடுகளில் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கற்றுக்கொடுக்கும் சங்கீதம் அது. “வாதை உன் கூடாரத்தை அணுகாது” என்ற வரியை வாசற்படிக்கு மேலே எழுதி வைத்திருப்பவர்களும் உண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு காலையில், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். ஆராதனைக்கு வந்த இடத்தில், உயிர்த்தெழுதலின் நாளில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் உன் விசுவாசம் குறைவாக இருந்தது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கமாக அமைந்த பள்ளியை ஆரம்பித்த மிஷனரி வில்லியம் ஓல்ட் அவர்களின் மனைவி, கப்பற் பயணத்திலேயே இறந்துபோனார். அவரும் ஓராண்டு நிறையுமுன் 1815இல் இந்த மண்ணிலேயே இறந்தார். வசனத்தை நமக்குக் கொண்டுவந்தவர்களின் கூடாரத்தையும் மரணம் அணுகத்தான் செய்தது.

அப்படியானால் அந்தச் சங்கீதம் எதற்கு? மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் தேவாலயத்து உப்பரிகையின் மேல் இயேசுவிடம் இதே 91ஆம் சங்கீதத்தை எடுத்துச் சொன்னவன் சோதனைக்காரன். வசனம் வேதத்தில் உள்ளதுதான். கீழே குதியும், உமக்கு ஒன்றும் ஆகாது என்பதற்குச் சாட்சியாக அதை அவன் நீட்டினான். அந்த அர்த்தத்தில் இயேசு அதை ஏற்க மறுத்தார். பிறகு சிலுவையில் அவர் வாயில் வந்தது வேறொரு சங்கீதம்: “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?” 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி அது. வேதத்தைப் பிடித்துக்கொண்டு தாங்குவது என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் இதுதான்: தாங்க முடியாத நேரத்தில் அவர் வேதத்திலிருந்து எடுத்தது ஒரு கேள்வியை. அந்தக் கேள்வியைத் தேவனிடமே கேட்டார்.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர் எழுத வாசிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது உங்கள் மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் பக்கத்தில் நாவலடியிலும் கல்லடியிலும் வீடு இருந்த இடங்களில் மணல்தான் மிஞ்சியது. 2005 தை மாதத்தில், பாடசாலை ஒன்றில் இயங்கிய முகாமில் தொண்டராக இருந்தேன். அந்த அம்மா வகுப்பறை மேசை ஒன்றின் மேல், உப்புத் தண்ணீரில் ஊறிப் பருத்துப் போயிருந்த ஒரு வேதாகமத்தைக் காயப் போட்டிருந்தார். ஒட்டியிருந்த தாள்களை ஓர் ஈர்க்கால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகள் இருவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த ஆறுதலான 23ஆம் சங்கீதத்தைத் தேடினேன். அவர் என் கையைப் பிடித்தார்.

“அது பொறகு பாப்பம் புள்ள. அறுவத்தொன்பத எடு.”

எடுத்து வாசித்தேன். “தேவனே, என்னை இரட்சியும், வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது. ஆழமான உளையில் அமிழ்ந்திருக்கிறேன், நிற்க நிலையில்லை.” அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லித் தன் நெஞ்சில் கையை வைத்து, “இதான் எண்ட கத” என்றார். மூன்று முறை வாசிக்கச் சொன்னார். 23ஆம் சங்கீதத்தை அவராகவே கேட்டது பத்துப் பதினைந்து நாட்கள் கழித்து. அதுவரைக்கும் நான் அவசரப்படாமல் இருந்ததற்கு, என் பயிற்சியை விட அவருடைய பிடிதான் காரணம்.

சங்கீதங்கள் நூற்றைம்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி முறையிடும் பாட்டுகள். 13ஆம் சங்கீதம், கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் வெளிச்சத்துக்கு வருவதில்லை. நண்பரும் அறிமுகமானவரும் விலகிப்போன இருளிலேயே முடிகிறது. அதை யாரும் வேதத்திலிருந்து நீக்கவில்லை, கடைசியில் ஒரு நல்ல வரி சேர்த்துத் திருத்தவும் இல்லை. புலம்பல் என்றே பெயர் வைத்து ஐந்து அதிகாரங்களில் ஒரு முழுப் புத்தகம் இருக்கிறது. அதன் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய எழுத்துகளின் வரிசையில் கட்டப்பட்டவை. நம் மொழியில் சொன்னால் அகர வரிசையில் அழுத அழுகை. “அவைகள் காலைதோறும் புதியவைகள்” என்று நாம் பாடுகிற வரி அந்த அழுகையின் நடுவில், மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகும் இரண்டு அதிகாரங்கள் அழுகிறார்கள்.

ஆகவே, விசுவாசி அழுதால் சாட்சி கெடும் என்று உங்களிடம் சொன்னவர், உங்கள் மேல் உள்ள அன்பினால் சொல்லியிருந்தாலும், தவறாகச் சொல்லிவிட்டார். 1 தெசலோனிக்கேயர் 4:13இல், நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் எழுதினார். துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். எரேமியா 9:17இல் புலம்பற்காரிகளை வரவழைக்கும்படி சேனைகளின் கர்த்தரே சொல்கிறார். செத்த வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்வதை, விசுவாசத்துக்கு ஒவ்வாத பழக்கம் என்று சில சபைகளில் நிறுத்தியிருக்கிறார்கள். அது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற விடயம். ஒப்பாரியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒன்றும் வைக்காமல் போனதால், எத்தனையோ பெண்கள் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்கும் வீட்டுக்குள் வாய் மூடி உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். நீங்களும் அவர்களில் ஒருவர் என்று உங்கள் கடிதம் சொல்கிறது.

இனிப் புதன்கிழமைக்கு வருவோம். உங்கள் நித்திரையின்மையில் அந்தப் படலைச் சத்தத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வசனம் வாசித்து மட்டும் அது தீராது, தீர வேண்டும் என்று வேதமும் எதிர்பார்க்கவில்லை. 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் உங்களைப் போலவே ஒரு விதவை வருகிறாள். கர்த்தருக்குப் பயந்து நடந்த கணவன் இறந்துவிட்டான். கடன் கொடுத்தவன் இரண்டு பையன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். அவள் முறையிட்ட தீர்க்கதரிசி எலிசா அவளிடம் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று முதலிலும், வீட்டில் என்ன இருக்கிறது என்று அடுத்ததாகவும் கேட்டார். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அயல்வீடுகளில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னார், கொஞ்சமல்ல, அநேகம். அற்புதம் தேவனுடையது, ஆனால் அது ஊற்றி நிரப்பப்பட்டது அயலவர்கள் இரவல் கொடுத்த பாத்திரங்களில். முடிவில், எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மீந்ததைக் கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்று கணக்கை முடித்துக் கொடுத்தார்.

உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று நானும் கேட்கிறேன். கடன் புத்தகம், ஒப்பந்தப் பத்திரம், கணவரின் மரணச் சான்றிதழ் மூன்றையும் ஒரு உறையில் போடுங்கள். கடனோடு சேர்த்து ஆயுட் காப்புறுதி எடுக்கப்பட்டிருக்கிறதா என்று அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சில கடன்களில் அது இருக்கும், கேட்காதவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. உங்கள் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். தவணையைக் குறைத்து நீட்டித் தரும்படி பேசப் போகும்போது தனியாகப் போகாமல், சபையில் கணக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். போதகரிடம் இந்த 2 இராஜாக்கள் பகுதியைக் காட்டி, சபையிடம் நான் கேட்பது வெறும் பாத்திரம்தான் என்று சொல்லுங்கள். வசனம் சொல்ல வீட்டுக்கு வருகிறவர்களில் ஒருவருக்கு, புதன்கிழமை காலையில் உங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கும் வேலையைக் கொடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு உதவ மனம் உண்டு. என்ன செய்வதென்று தெரியாததால் வசனம் சொல்கிறார்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் அவரோடு ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள்.

வாசிப்பு முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வருடத்தில் வேதம் முழுவதையும் முடிக்கும் அட்டவணையை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம் போதும். 13ஆம் சங்கீதத்துக்கு ஆறே வசனங்கள், அதையே ஒரு கிழமை முழுவதும் வாசிக்கலாம். மனதுக்குள் வாசிக்காமல் சத்தமாக வாசியுங்கள். கண் நழுவினாலும் காது பிடித்துக்கொள்ளும். வாசிக்கவும் முடியாத நாளில், பாடசாலைக் கொப்பி ஒன்றில் இரண்டு வரியைக் கையால் எழுதுங்கள், ‘என்னை’ என்று வரும் இடத்தில் உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். சங்கீதக்காரனோடு உடன்பட முடியாத வரி வந்தால், நம்பிக்கையாயிருக்கிறேன் என்ற வரியாக இருந்தாலும், அதை விட்டுவிட்டு மேலே போகலாம். அந்த வரியை ஞாயிற்றுக்கிழமை சபையார் உங்களுக்காகச் சேர்ந்து வாசிப்பார்கள். எதுவும் முடியாத நாளுக்காக ரோமர் 8:26 இருக்கிறது: வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்கிறது. அன்றைக்குப் பெருமூச்சு விட்டால் போதும். இரவு நேரத்தில், படுக்கையில், தனியாக இதைச் செய்ய வேண்டாம். துக்கம் இருட்டில் பெருகும். காலை வெளிச்சத்தில் முற்றத்தில் உட்கார்ந்து வாசிப்பது நல்லது.

உங்கள் விசுவாசம் செத்துவிட்டதா என்ற கேள்விக்கு நான் இதுவரைக்கும் நேராகப் பதில் எழுதவில்லை. ஏறாத வரியைப் பத்துத் தடவை வாசித்தவர் நீங்கள். விசுவாசம் செத்தவர் இரண்டாம் தடவை வாசிக்க மாட்டார். இதை உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக எழுதவில்லை. கடிதத்தை மூன்று முறை வாசித்த பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிவதை எழுதுகிறேன்.

கடைசியாக உங்கள் மகளைப் பற்றி. அழலாம். உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு, அம்மா கதவை மூடிக்கொண்டு அழுவது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் தெரியாதது போல நடிக்கும் வேலையை அவளுக்கு வைக்க வேண்டாம். அப்பாவைப் பற்றிப் பேசினால் அம்மா உடைந்துவிடுவார் என்று அவளும், மகளின் படிப்பு குழம்பிவிடும் என்று நீங்களும், ஒரே வீட்டில் இரண்டு அறையில் ஒளித்து அழுதுகொண்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். இந்தச் சனிக்கிழமை பின்னேரம், மகன் விளையாடப் போன பிறகு, அவளைப் பக்கத்தில் இருத்தி, எனக்கு எழுத்து ஏறுவதில்லை மகள், நீ வாசி என்று சொல்லி வேதாகமத்தை அவளிடம் கொடுங்கள். 13ஆம் சங்கீதத்தை வாசிக்கட்டும். குரல் உடைந்து இடையில் நிறுத்தினால், மிச்சத்தை வாசிக்கச் சொல்லாதீர்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றுங்கள்.